முன்வரிசையில் மூடியிருக்கும் வாய்

மண்டோர் மகன் அண்ணே, நீங்கள் பொய் சொல்லியிருக்கிறீர்கள்.

வாய் தவறி வந்த பொய் இல்லை. அச்சடித்து, வண்ண அட்டை போட்டு, நம் தோட்டத்தில் வளர்ந்த எல்லார் வீட்டுக்கும் தபாலில் அனுப்பிய பொய். ஒன்றுகூடல் மலர் எனக்கும் வந்தது. அட்டையில் அந்தச் சர்க்கஸ் ஓவியம். உள்ளே உங்கள் எழுத்து: "மக்கள் மகிழ்ச்சியில் ஆரவாரம் செய்கிறார்கள். ஒரு சிறுமி விசில்கூட அடிக்கிறாள். முன்வரிசையில் வாய் மூடி அமர்ந்திருப்பவன் நான். அந்தப் பிள்ளைக்காக என் மனம் துடித்தது. ஓவியர் அதைக் கவனித்திருக்கிறார். குடிகாரத் தகப்பனின் கவனக்குறைவால் ஒரு பிள்ளையின் கால் போயிற்று." அடுத்த மாதம் ஈப்போ மண்டபத்தில் அந்தப் படத்தை மாட்டி, இதே வரிகளைப் பித்தளைத் தகட்டில் செதுக்கிக் கீழே பதிக்கப் போகிறீர்களாம்.

எனக்கு எழுத வராது. முப்பது வருடம் கையுறைத் தொழிற்சாலையில் நின்றவள் நான். ஆனால் விசில் அடிப்பதாக நீங்கள் எழுதியிருக்கும் அந்தச் சிறுமி நான்தான். நான் விசில் அடிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். அண்ணனுக்கு மட்டும் இல்லை, கூட வளர்ந்த உங்கள் எல்லாருக்கும்தான்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். ரப்பர் மரமெல்லாம் இலையைக் கொட்டிவிட்டு எலும்பாக நின்ற நேரம். மரத்தில் கட்டிய மங்கில் பால் பாதிகூட நிறையாது. விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நின்றவர்களில் பாதிப் பேரை, வேலை பிரித்துக் கொடுக்கிற மண்டோர், உங்கள் அப்பா, திருப்பி அனுப்பினார். வீட்டுக்கு வீடு சண்டை. காய்ந்த இலை காலில் மிதிபடும் சத்தம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் அப்பாவின் கோபம்தான் ஞாபகத்துக்கு வரும்.

அப்போதுதான் செமோர் பாதையிலிருந்து மூன்று லோரி நம் திடலுக்கு வந்தது. கடைசி லோரியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சிங்கம் இல்லை, யானை இல்லை. ஒரு மட்டக் குதிரை, நாலு நாய், இரண்டு குரங்கு, பத்துப் பன்னிரண்டு ஆட்கள். பக்கத்துக்குப் படுதா உண்டு, மேலே கூரை கிடையாது. அவ்வளவுதான் சர்க்கஸ்.

கம்பியில் நடக்கிற பெண்ணுக்கு என் வயதுதான். பதினொன்று. தோட்டப் பள்ளியில் வாத்தியார் அவளை என் பெஞ்சில் உட்கார வைத்தார். மூன்று வாரம் என் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு முட்டியை மடக்கி உட்கார முடியாது, காலை நீட்டியே வைப்பாள். முன் பெஞ்சுப் பையன் தடுக்கித் தடுக்கி விழுவான். "சர்க்கஸ் காட்டுறியா?" என்று அவனையே கேட்பாள். உள்ளங்கை இரண்டும் காய்த்துப் போயிருக்கும். எங்கம்மாவுக்கு மரம் சீவும் உளி பிடித்துக் காய்த்த மாதிரி, ஆனால் அம்மாவுக்கு ஒரு கையில்தான்.

"வலிக்காதா?" என்று கேட்டேன்.

"எது?"

"எல்லாந்தான்."

"ஆடுறப்ப வலிக்காது. இறங்குனாதான் வலிக்கும்லா."

கம்பியில் நடக்கும்போது அவள் ஒரு குடை பிடிப்பாள். மூங்கில் கம்பு, இரும்புக் கம்பி, மாவுச் சாக்கில் தைத்த துணி. சிவப்புச் சாயம் வெளுத்த இடத்தில் சாக்கின் எழுத்து தெரியும். தூரத்தில் பட்டு மாதிரி இருக்கும். கிட்டப் போனால் சாக்கு. அவர்களிடம் எல்லாமே அப்படித்தான். ஜிகினாச் சட்டைக்கு உள்பக்கம் பார்த்தால் ஒட்டுக்கு மேல் ஒட்டு.

ஒருநாள் பள்ளி விட்டதும் லோரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். இவள் போய் மடியில் காலைப் போட்டாள். சுற்றியிருந்த சேலைத் துணியை அவர் பிரித்தார். கணுக்கால் ரம்புத்தான் பழம் மாதிரி சிவந்து வீங்கியிருந்தது. ஒரு போத்தலிலிருந்து சம்சுவைக் கிண்ணத்தில் ஊற்றினார், இடித்த இஞ்சியைப் போட்டார், அடுப்பில் லேசாகக் காட்டிச் சூடு பறக்கத் தேய்த்தார். அவள் பாவாடை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே தேய்த்தார். மருந்துக்கடைத் தைலம் வாங்க முடியாதவன் சாராயத்தைத் தைலமாக்குவான். தோட்டத்தில் பிறந்த நமக்கு அது தெரியாதா என்ன?

அவள் அம்மா வயிற்றுப் பிள்ளைக்காரி. ஆறு மாதம் இருக்கும். அந்த வயிற்றுக்கு மேல் டிரம்மைக் கட்டிக்கொண்டு அடிப்பது அவர்தான். என்னைப் பார்த்ததும், "பாப்பா, கால் வீங்கியிருக்குன்னு வெளிய சொல்லிடாத," என்றார். "நோவோட ஆடுற புள்ளயக் காசு குடுத்து யாரு பாப்பாங்க? சத்தியம் பண்ணு." என் தலையில் நானே கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். பெரிய மனுஷி ஆன மாதிரி இருந்தது.

கடையில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் டின்னுக்குப் பின்னால் சம்சு ஒளித்து வைத்து விற்கிற கடைக்காரர், "நேத்து ஒரு போத்தல், இன்னிக்கு ஒரு போத்தல். சர்க்கஸ்காரன் நம்மாளுங்களையே தோக்கடிச்சிடுவான் போலிருக்குலா," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். உப்பு வாங்கப் போன நானும் அங்கேதான் நின்றேன். எனக்குத்தான் சத்தியம் இருக்கிறதே.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த மாதம் கோயிலுக்குச் சாயம் பூச, புந்தோங்கிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஈப்போவில் சினிமாக் கொட்டகைகளுக்குப் பேனர் வரைகிறவர். நாம் அவரைப் பேனர்காரர் என்றுதான் கூப்பிட்டோம். சாயங்காலம் நாலு மணி ஆனால், கோபுரத்துச் சாரத்தில் உட்கார்ந்து திடலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கோயில் தலைவர் கீழே நின்று கத்துவார். "என்னய்யா, சாமிக்குச் சாயம் பூசாம சர்க்கஸ்காரியப் பாத்துக்கிட்டு இருக்க?"

"சாமி விழாது தலைவரே. அந்தப் புள்ள விழும்."

"நீ விழுந்துடாத. பாதி அம்மனோட நிக்குது கோபுரம்."

இப்போது அந்த வலைக்கு வருகிறேன். கம்பிக்குக் கீழே ஒரு வலை கட்டியிருப்பார்கள். லூமுட்டில் யாரோ கழித்துப் போட்ட படகு வலை, இரண்டு மடிப்பாகத் தைத்தது. மீன் வாடை போகவே இல்லை. ஆட்டம் இல்லாத நேரத்தில் அவர்களுடைய நாய்கள் அதை நக்கிக்கொண்டு கிடக்கும். நாலு மூலையிலும் நாலு கயிறு, நாலு முளைக்கட்டை. ஆட்டத்துக்கு முன்னால் அவள் அப்பா ஒவ்வொரு முடிச்சையும் காலால் மிதித்துப் பார்ப்பார். நாலையும் பார்த்துவிட்டு, மறுபடியும் முதல் முடிச்சுக்கு வருவார்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே நம் ஆட்கள் ஆரம்பித்துவிட்டார்கள். "வலையப் போட்டுக்கிட்டு நடக்குறது என்னடா வித்த? அதுல எங்க வீட்டுக் கோழி கூட நடக்கும்லா!" இரண்டாவது ஞாயிறு இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவது ஞாயிறுதான் கடைசி ஆட்டம். மூன்று வாரமாக வேலை சரியில்லாத கூட்டம். யார் மேலாவது ஏறி உட்கார வேண்டும் என்ற வெறி. நம்மைவிடக் கீழே ஒரு கூட்டம் வந்து கிடைத்தது. வேறு எப்படிச் சொல்ல?

முதல் குரல் உங்களுடையது அண்ணே. அப்போது உங்களுக்கு இருபது வயது. முன்வரிசையில், வலையின் மூலை முளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்.

"வலைய எடு!"

அப்புறம் இரண்டு பேர், பத்துப் பேர், எல்லாரும். வலைய எடு, வலைய எடு. கை தட்டித் தாளத்தோடு. நானும் கத்தினேன். என் பெஞ்சுக்காரி மேலே ஏறிக்கொண்டிருந்தாள். அவள் கால் எப்படி இருந்தது என்று அந்தத் திடலில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தே கத்தினேன். ஏன் என்று என்னை நானே பல வருடம் கேட்டிருக்கிறேன். எல்லாரும் கத்தினார்கள். சேர்ந்து கத்த நன்றாக இருந்தது. அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

அவள் அப்பா கூட்டத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். முடியாது என்று தலையாட்டினார். அவர் மேல் கச்சான் கடலைத் தோலை எறிந்தார்கள். அவள் கம்பியில் பாதி தூரம் வந்திருந்தாள். அவர் கீழே, அண்ணாந்து பார்த்தபடி, அவளுக்கு நேராக நடந்துகொண்டிருந்தார். அவள் ஒரு அடி வைத்தால் இவரும் ஒரு அடி.

அப்போது நீங்கள் குனிந்து மூலைக் கயிற்றை அவிழ்த்தீர்கள்.

வலை ஒரு பக்கம் தொங்கியது. அவர் அவளை விட்டுவிட்டு அந்த மூலைக்கு ஓடினார். அப்பா இருக்க வேண்டிய இடத்தில் இல்லையே என்று அவள் குனிந்து பார்த்தாள். குடை முதலில் விழுந்தது. பிறகு அவள், தொங்கிய பக்கமாக. சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. நனைந்த சாக்கை இறக்கிப் போட்டது போல. அவள் அம்மா அதற்குப் பிறகும் டிரம்மில் நாலு அடி அடித்தார், தாளம் தப்பாமல். கைக்குச் செய்தி போய்ச் சேர அவ்வளவு நேரமானது.

எல்லாரும் உறைந்து நின்ற அந்த நேரத்தில் ஒரே ஒரு வாய்தான் பேசியது. "குடிகாரப் பய! வலைய ஒழுங்கா கட்டல பாரு!" அதுவும் உங்கள் வாய்தான்.

பின்வரிசை ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது. ஓடி வந்தவர்களுக்கு அவர் மேல் சம்சு வாடை அடித்தது. அடிக்காமல் என்ன செய்யும்? ஆட்டத்துக்கு முன்னால் மகளின் காலுக்குத் தேய்த்த கை. கடைக்காரர், "நான் சொல்லல?" என்றார். மகளைத் தூக்கப் போன மனிதனை இழுத்துப் போட்டு அடித்தார்கள். என் அப்பாவும் அடித்தார். பிள்ளைமேல் இருந்த பாசத்தில் அடித்ததாக வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். நம்பித்தான் சொன்னார்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து காலில் பலகை வைத்துக் கட்டினார். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு லோரியிலேயே கொண்டு போனார்கள். மறுநாள் திடலில் குழிகளும் குதிரைச் சாணியும் மட்டும். குடையின் ஒரு கம்பியைப் பொறுக்கி எடுத்துக்கொண்டேன். ரொம்ப வருடம் வைத்திருந்தேன். எங்கள் லயத்து வீடுகளை இடித்தபோது அதுவும் போயிற்று.

முன்வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். இரண்டாம் வரிசையில் நானும் பார்த்தேன். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. மண்டோர் மகனைச் சொன்னால் நாளைக்குப் பெரட்டில் வேலை கிடைக்காது என்ற பயம் பெரியவர்களுக்கு. எனக்கு அந்தச் சத்தியம். பதினொரு வயதில் அது சாக்கு. பிறகும் சொல்லவில்லையே, அதற்கு என்ன சாக்கு?

கோயில் வேலை முடிந்த பிறகு பேனர்காரர் ஒரு பெரிய பலகையை எடுத்துக்கொண்டார். மிச்சமிருந்த கோயில் சாயம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தார். வீடு வீடாக வந்து ஒவ்வொருவரிடமும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வாயத் திற. அன்னிக்கு என்ன கத்துனியோ அதயே கத்து."

யாரும் கத்தவில்லை. சிலர் கதவைச் சாத்தினார்கள். படத்தில் முகம் வர வேண்டும் என்ற ஆசையில் சிலர் "ஆ" என்று மட்டும் காட்டினார்கள். அதனால்தான் அந்தப் படத்தில் எல்லா வாயும் "ஆ" என்று இருக்கிறது. பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்த மாதிரி.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா என் தோளைக் கிள்ளிக்கொண்டு நின்றார். நான் முழுச் சத்தத்தில் கத்தினேன். "வலைய எடு!" அம்மா முதுகில் ஒரு அறை வைத்தார். ஆனால் அவர் பார்த்துவிட்டார். "எடு" என்று முடியும்போது உதடு குவியும். சொல்லிப் பாருங்கள். அதைத்தான் வரைந்தார். "போதும், போ," என்றார். கூட்டத்தில் என் வாய் மட்டும் குவிந்திருப்பது அதனால்தான். விசில் இல்லை அண்ணே. அன்றைக்குக் கத்திய வார்த்தையின் கடைசி எழுத்து அது.

உங்கள் வீடு குழாயடிக்கு எதிரில். நான் வாளி வைத்துக்கொண்டு நின்றேன். நடந்தது முழுவதும் என் காதில் விழுந்தது.

"தம்பி, கத்து."

"நான் ஒண்ணும் கத்தல."

"அப்ப மூடிக்க. மூடுனதயே வரையறேன்."

"கை எப்படி வைக்கணும்?"

"கை வேணாம் தம்பி. உன் கை எனக்கு ஞாபகம் இருக்கு."

சாரத்தின் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். இருந்தும் அன்றைக்கு அவரும் இறங்கி வந்து சொல்லவில்லை. கூலிக்கு வந்த வெளியாள். அவருக்கும் ஏதோ பயம். பேச முடியாததை வரைந்து வைத்துவிட்டுப் போனார்.

படத்தைக் கோயில் தலைவரிடம் காட்டியபோது அவர் குதித்தார். "அம்மனுக்கு வாங்குன சாயத்துல இந்தக் கண்றாவியா?" பேனர்காரர் எடுத்துக்கொண்டு போகவில்லை. "கோயில் சாயந்தான, இங்கயே கெடக்கட்டும்," என்று வைத்துவிட்டுப் புந்தோங் பஸ்ஸில் ஏறினார். படம், வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகைக்குப் போயிற்று. தொட்டில்களுக்கும் அடுப்புக்கும் நடுவில் தடுப்பாக, முகம் சுவரைப் பார்க்க நின்றது. நான் தம்பியைக் கூப்பிடப் போகும்போதெல்லாம் பின்னால் நுழைந்து பார்ப்பேன்.

அவள் படத்தில் முழுசாக இல்லை. மேல் ஓரத்தில் கால் இரண்டு மட்டும். கணுக்காலில் சேலைத் துணிக் கட்டு, காலுறையில் வேறு வேறு நூலில் மூன்று ஒட்டு. டிரம்முக்குக் கீழே அவள் அம்மாவின் வயிறு. எலும்பு தெரியும் நாய். நடுவில் அண்ணாந்து பார்க்கும் அப்பாவின் முகம், அம்மன் சேலைக்குப் பூசிய அதே மஞ்சளில். அந்த முகத்தில் குடி இல்லை. குடித்த முகம் எப்படி இருக்கும் என்று தினம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பித்தளைத் தகட்டுக்கு முன்னால் அந்த முகத்தை ஒரு முறை பாருங்கள்.

எண்பதுகளில் தோட்டத்தை விற்றார்கள். நாங்கள் புந்தோங்குக்கு வந்தோம். ஒருநாள் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது, கால்வாய் விளிம்பில் ஒரு பெண் நடந்து வந்தாள். ஒரு கால் குட்டை. அந்தச் செருப்புக்கு அடியில் மட்டும் ரப்பர்த் தகடு அடுக்கடுக்காக ஒட்டியிருந்தது. ஆனால் இரண்டு காலையும் ஒரே கோட்டில் வைத்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

நான் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அவள் யோசித்தாள். "நீட்டுன கால்ல தடுக்கி விழுவானே ஒருத்தன், அந்தப் பள்ளிக்கூடமா?" சிரித்தாள்.

நான், "அன்னிக்கு நாங்க கத்துனோம். நானும் கத்துனேன் அக்கா," என்றேன். ஒரே வயதுதான். ஆனாலும் அக்கா என்றுதான் வந்தது.

"எல்லாத் தோட்டத்துலயும் அதத்தான் கத்துனாங்கலா. ஏதோ நீங்க மட்டும் கத்துன மாதிரி பேசுறீங்க." பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். அப்புறம் சிரிக்கவில்லை. "அப்பாவ அடிச்சது மட்டும் உங்க தோட்டத்துலதான். அவரு குடிக்க மாட்டாரு. அதுக்கப்புறந்தான் குடிச்சாரு."

பஸ் வந்தது. அவள் ஏறிவிட்டாள். எங்கே இருக்கிறாள் என்றுகூட நான் கேட்கவில்லை. அதுதான் நான்.

அந்தப் படம் காணாமல் போயிற்று என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். நீங்கள்தான் எடுத்து வைத்திருந்தீர்கள் என்று மலரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒரு தீக்குச்சி போதும், எரித்திருக்கலாம். எரிக்கவில்லை. ஏன் என்று நாலு நாளாக யோசிக்கிறேன். உங்களுக்கும் அது உள்ளே கிடந்து அறுத்திருக்கலாம். அப்படி இருந்தால், தகடு அடிப்பதற்கு முன்னால் இன்னும் நேரம் இருக்கிறது.

ஒன்றுகூடலுக்கு நான் வருகிறேன். மைக்கை முதலில் என்னிடம் கொடுங்கள். குவிந்த வாயில் விரலை வைத்து, இது நான், நான் கத்தியது இது என்று சொல்கிறேன். அந்தச் சம்சு எதற்கு என்பதையும் சொல்கிறேன். ஐம்பது வருடம் தாமதம். ஆனாலும் சொல்கிறேன்.

அதன் பிறகு நீங்கள் மேடைக்கு வாருங்கள் அண்ணே. வாயைப் பற்றி இனி நான் கேட்கப் போவதில்லை. படத்தில் உங்கள் வலது கையைப் பாருங்கள். மூடிய முட்டி. அதற்குக் கீழே இரண்டு விரல் நீளத்துக்குப் பழுப்பு நிறத்தில் ஒன்று தொங்குகிறது. அது என்னவென்று நம் ஆட்கள் எல்லாருக்கும் முன்னால், மைக்கில், உங்கள் வாயால் சொல்லுங்கள்.